பதினெட்டு டிகிரி

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை
சூளையிலிருந்து வந்த தகடுகளில்
வெள்ளிக் கோடுகளைச் சுற்றி
மஞ்சள்.

தகடு என்றால் கட்டைவிரல் நகத்தளவு.
பாதி கண்ணாடித் தூள், பாதி அலுமினா.
சுடுமுன் ரப்பர் போல வளையும்.
துளையிட்டு, வெள்ளிக் குழம்பில் கோடிழுத்து,
எட்டு அடுக்காய் அழுத்தி
எண்ணூற்று எழுபதில் சுட்டால்
நூற்றுக்குப் பதின்மூன்று சுருங்கிக்
கல்லாகும்.
பிறகு எங்கோ ஒரு காரின் ரேடார் கண்ணுக்குள்
போய் உட்காரும்.

அதற்குமேல் சூடு ஆகாது.
தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் வெள்ளி உருகும்;
உருகுவதற்கு வெகு முன்பே
அதற்குக் கால் முளைத்துவிடும்,
கண்ணாடிக்குள் நடக்கத் தொடங்கும்,
நடந்த தடமெல்லாம் மஞ்சள்.

இது எனக்குத் தெரியும்.
தெரிந்தும்
லென்சுக்குக் கீழே அதைப் பார்த்த நொடி
யோகேந்திரனின் தலைதான் நினைவுக்கு வந்தது.

தண்ணீர்மலையில் காவடி இறக்கிவிட்டு
நேராக இரவு ஷிஃப்டுக்கு வந்தவன்.
மழித்த மண்டையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.
அதன்மேல்தான் தலையுறையை மாட்டினான்,
நான் பார்த்தேன்,
"வலிக்குதா?" என்றுகூடக் கேட்டேன்.

மேலாளர் ஊய் நல்ல மனிதர்.
யாரையும் குறை சொல்லவில்லை என்றுதான் தொடங்கினார்.
"சாம்பலில் பொட்டாசியம் இருக்கும்.
பொட்டாசியம் பட்டால் கண்ணாடி இளகும்.
சரிதானே?"
சரிதான்.
சரியாக இருந்ததுதான் சங்கடம்.

அறிவிப்பை மலாயில் ஹஸ்னிதா எழுதினாள்.
தமிழில் எழுத என்னை விட்டால் யார்?
'நெற்றியிலும் தலையிலும் எதுவும் பூசியிருந்தால்
கழுவிவிட்டு உள்ளே வரவும்.'
'தயவுசெய்து' போடுவதா வேண்டாமா என்று
ஐந்து நிமிடம் யோசித்தேன்.
மற்ற எதையும் யோசிக்கவில்லை.

யோகேந்திரன் நின்று படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
குழாயடிக்குப் போனான்.

அன்றிரவு பாயான் லெப்பாஸில் மழை.
கைப்பையின் அடியில் கிடந்த
திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
நல்ல தகட்டுக்கான தூளில் ஒரு சிட்டிகை கலந்து
சின்ன உலையில் வைத்தேன்.
பக்கத்திலேயே சந்தனம், இன்னொரு குப்பியில்.

விடிகாலை திறந்தபோது
சந்தனம் வைத்ததில் ஒன்றுமில்லை,
எரிந்து போயிருந்தது.
திருநீறு கலந்தது
பால் வெள்ளையில் ஒரு மணி,
உள்ளே இரண்டு குமிழி.

மஞ்சள் இல்லை.

சூளைக்கு ஒரு வளையம் உண்டு, பீங்கானில்.
திரையில் வரும் எண்ணை அது நம்பாது.
பட்ட சூட்டுக்கு ஏற்ப
தன் உடம்பைச் சுருக்கிக் காட்டும்.
மூன்று வளையங்களை உள்ளே அனுப்பி
வெளியே வந்ததும் விட்டம் அளந்தேன்.
பிறகு திரும்ப அளந்தேன்.

எண்ணூற்று எண்பத்தெட்டு.

மூன்றாம் மண்டலத்துத் தெர்மோகப்பிள்
கிழடுதட்டி
பதினெட்டு டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.
குறைகிறதே என்று சூளை
இன்னும் இன்னும் எரித்தது.
எத்தனை நாளாக? பதிவேட்டைப் புரட்டினால்
தைக்கும் முன்னே, மார்கழியிலேயே
லேசான மஞ்சள்.
'ஏற்கத்தக்கது' என்று குறித்து
கையெழுத்துப் போட்டது நான்.

ஊய்க்கு மூன்று பக்க அறிக்கை கொடுத்தேன்.
தெர்மோகப்பிளை மாற்றினார்கள்.
வெள்ளி தன் கோட்டிலேயே நின்றது.
"நல்ல வேலை" என்றார், உண்மையாகவே மகிழ்ந்து.

அறிவிப்பு அங்கேயே இருந்தது.
அதை எடுக்கச் சொல்ல
எந்த மொழியிலும் யாரும் வரவில்லை.
ஒன்பதாம் நாள் நானே உரித்தேன்.
தாள் வந்துவிட்டது, நான்கு மூலையிலும் பசை
வரவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

பின்னால் யோகேந்திரன்.
தலையில் எள்ளு தூவியது போல முடி.
"அக்கா, இன்னிக்கு எவ்வளவு?" என்றான்.

சூளையைத்தான் கேட்கிறான்.
"எழுபது" என்றேன்.

"எழுபதா,
இல்லை, எழுபதுன்னு சொல்லுதா?"

மணி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
அவனிடம் இன்னும் காட்டவில்லை.