நூத்துல நாலு

பக்கத்துப் பட்டறையில் பவர் பிரஸ் இடிக்கிற வரைக்கும்
டயல் முள் நிற்காது.
பத்தே முக்காலுக்கு டீ கேன் வரும்.
கணபதி மூணாவது சந்து முழுக்க
ஒரு பன்னிரண்டு நிமிசம் இரும்பு வாயை மூடும்.
அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

உக்கடத்தில் எடைக்கு வாங்கின மில்லிங் மெஷின்.
என்னைவிட மூணு வயசு மூத்தது.
யாரோ பச்சைப் பெயின்டை மூணு தடவை அடித்திருக்கிறார்கள்,
எண்ணெய்க் கிண்ணத்து மூடியையும் சேர்த்து.
உளியால் நெம்பினேன். உள்ளே கிரீஸ்.
தண்ணி கேட்ட தொண்டையில்
களியைத் திணித்த மாதிரி.

டீசல் விட்டுக் கழுவி, கழுவி,
ஊறிக் கறுத்த திரியைப் பிடுங்கிப் புதுசு போட்டு
பத்தாம் நம்பர் ஸ்பிண்டில் ஆயில்,
நிமிசத்துக்கு எட்டுச் சொட்டு.
துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்:
அதில் பாதிக் கரடி,
எனக்குத் தெரியாத ஏதோ ஊரின் கடைசி மூணு எழுத்து.
ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு
மூக்கில் கை வைத்தால்
பதினெட்டு எண்ணும் வரை வைத்திருக்க முடிகிறது.
பேரிங் நல்லாத்தான் இருக்குது.

அப்புறம் ஏன் பம்ப் பிராக்கெட்டின் முகத்தில்
இன்னும் அந்த அலை?

"கை நடுங்குதா உனக்கு?" என்று
போன மாசம் பீதாம்பரைக் கேட்டது நான்தான்.
இருபத்திரண்டு பீஸ் ரிஜெக்ட்.
சம்பளத்தில் எண்ணூறு பிடித்ததும் நான்தான்.
என்னவோ சொன்னான்.
பிரஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று
வைத்துக்கொண்டேன்.

டீ கேன் வந்துவிட்டது.
பேப்பர் கப்பை வைஸ் மேல் வைத்துவிட்டு
ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றுகிறேன்.
முள் ஏறுகிறது, இறங்குகிறது.
நூத்துல நாலு.
ஏறின இடத்தில் சாக்பீஸ் கோடு,
ஸ்பிண்டிலில் ஒன்று, ஹோல்டரில் ஒன்று.
டிராபாரைத் தளர்த்தி ஒரு தட்டு.
ஹோல்டரை அரை வட்டம் திருப்பி ஏற்றி, இறுக்கி,
மறுபடி சுற்று.
மேடு எந்தக் கோட்டோடு போகிறதோ
குத்தம் அதனுடையது.

ஹோல்டரோடு போயிற்று.

காந்திபுரத்தில் நான் வாங்கின ஹோல்டர்.
"கட்டுபடியாகாதுங்க்கா" என்றவனிடம்
இன்னொரு நூறு குறைத்து
ஜெயித்துக் கொண்டுவந்த ஹோல்டர்.

டீ ஆடை கட்டிவிட்டது.

சனிக்கிழமைக் கவரில் எண்ணூறைச் சேர்த்து வைத்தேன்.
எண்ணினான். எச்சில் தொட்டு மறுபடி எண்ணினான்.
"சேர்த்தி இருக்குதுங்க்கா."
கழற்றிவைத்த ஹோல்டரை நீட்டினேன்.
சாக்பீஸ் கோட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தான்,
அழியாமல்.

"இதத்தானுங்க்கா அன்னிக்குச் சொன்னேன்."

பக்கத்தில் பிரஸ் இடித்துக்கொண்டுதான் இருந்தது.
ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"வீசீராதீங்க, டிரில் போட ஆகும்" என்று
ஹோல்டரைத் துடைத்து அலமாரியில் வைத்தான்.
கிண்ணத்தில் எண்ணெய் பாதிக்கு இறங்கியிருந்தது.
நான் சொல்வதற்கு முன்னால்
கேனை எடுத்துக்கொண்டு போனான்.