அரை மதிப்பெண்

என் வேலை ஒரு மஞ்சள் மிதவை.
சங்கிலியின் அடியில் அரை டன் இரும்பு,
தலையில் ஒரு விளக்கு,
வயிற்றில் ஏற்ற இறக்கம் எண்ணும் சின்னப் பெட்டி.
ஃபாரோ தீவுகளுக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில்
அதைக் கட்டிவிட்டு வந்தவள் நான்தான்.
அரைமணிக்கு ஒருமுறை எனக்கு எழுதும்:
வீச்சு இவ்வளவு, அலைவுக் காலம் இவ்வளவு.
நலமா என்று கேட்காது.
ஆனாலும் இத்தனை ஒழுங்காக
எனக்கு யாரும் எழுதியதில்லை.

பிப்ரவரியில் பன்னிரண்டு நொடி அலைகள்.
முகட்டிலிருந்து முகட்டுக்கு இருநூற்றிருபத்தைந்து மீட்டர்;
எங்கள் ஊரில் அது தேவாலயக் கதவிலிருந்து
மீன் ஆலைக் கதவு வரை.
வேகம் மணிக்கு அறுபத்தேழு கிலோமீட்டர்.
பனிக்காலத்தில் எங்கள் பேருந்து
அந்த வேகத்தைக் கண்டதே இல்லை.
இத்தனையும் அடியில் கடந்து போக
மிதவை ஏறியது, இறங்கியது,
ஏறியது,
நின்ற இடத்திலேயே நின்றது.
கிரீன்லாந்துப் பக்கம் வீசிய காற்றின் சேதியை
ஒரு துளி பக்கத்துத் துளியிடம் சொல்ல,
அது அடுத்ததிடம் சொல்ல,
சொன்னவை எல்லாம் அதனதன் இடத்தில்.
வதந்தி ஊர் தாண்டும்; வாய்கள் தாண்டுவதில்லை.

அதே மாதம் ரான்வாவுக்கு இயற்பியல் தேர்வு.
நான்காம் கேள்வி:
அலையோடு நீரும் பயணம் செய்கிறதா?
வகுப்பே 'இல்லை' என்று எழுதியது.
என் மகள் மட்டும் 'கொஞ்சம்'.
எய்தூன் ஆசிரியர் சிவப்புக் கோடு இழுத்து
அரை மதிப்பெண் போட்டிருந்தார்.
அரை எதற்கு என்று கேட்டேன்.
'தயங்கியதற்கு.'

வீட்டில் இவளிடம் கேட்டேன்.
துறைமுகத்தில் ஆரஞ்சுத் தோல் போட்டுப் பார்த்தாளாம்.
மேலே, முன்னே, கீழே, பின்னே,
ஒரு வட்டம் சுற்றியதாம்.
'ஆனா கிளம்பின இடத்துக்கு வந்து சேரல.'
காற்றாக இருக்கும் என்றேன்.
'அன்னிக்குக் காத்தே இல்ல' என்றாள்,
சாக்ஸ் தேடிக்கொண்டே.

மார்ச்சில் இரண்டு புயல்கள்,
தெற்கிலிருந்து ஒன்று, வடமேற்கிலிருந்து ஒன்று.
முகட்டின்மேல் முகடு ஏறியபோது பதினேழு மீட்டர்.
முகடும் அகடும் மோதியபோது,
பெட்டியின் பதிவை நம்பினால்,
ஒரு கணம் அங்கே அலையே இல்லை.
பிறகு இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவி
எதிர்ப்பட்டதே தெரியாதவை போல
தத்தம் திசையில் போயின.
சங்கிலியால் அது முடியவில்லை.

இரவு 2.30க்குக் கடைசி வரி வந்தது.
அதன்பின் முப்பத்தெட்டு நாள் மௌனம்.

ஏப்ரல் இறுதியில் நார்வேயிலிருந்து ஒரு குரல்,
ட்ரேனா தீவில் நண்டுக்கூடை போடுபவர், ஒட்லெய்வ்.
'உங்கள் பூசணிக்காய் என் பாறையில் உட்கார்ந்திருக்கிறது.
எப்போது எடுத்துப் போவீர்கள்?'

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.
வரைபடத்தை விரித்துப் பங்கு பிரித்தேன்.
நீரோட்டத்துக்கு இவ்வளவு.
காற்றுக்கு இவ்வளவு.
கூட்டினால் ட்ரேனாவுக்கு முன்பே
நடுக்கடலில் நின்றுவிடுகிறது.
மூன்று முறை கூட்டினேன், மூன்று முறையும்
நாளுக்கு மூன்று கிலோமீட்டர் மிச்சம்.
துளிகள் சுற்றிய வட்டங்கள்
ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை
வாய் மூடாமல் விட்ட மிச்சம்.

எய்தூனிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
ரான்வா அந்தத் தாளை எப்போதோ
பூனையின் மணல்தட்டுக்கு அடியில் விரித்துவிட்டாள்.

அலுவலகப் படிவத்தில் ஒரு கேள்வி:
மிதவை நகர்ந்ததற்குக் காரணம்?
காற்று என்ற கட்டத்தில் டிக்.
நீரோட்டம் என்ற கட்டத்தில் டிக்.
அலை என்று ஒரு கட்டம் இல்லை.
பேனாவால் நானே ஒன்று வரைந்தேன்.
கை நடுங்கியதோ, மேசை ஆடியதோ,
கோட்டின் முனை கிளம்பிய இடத்துக்கு
வந்து சேரவில்லை.