கற்றை

எழுநூற்றுப் பதினாறு ரேடியோக்கள்.
ஒவ்வொன்றையும் இருமுறை தொட வேண்டும்:
புது அலைவரிசையைச் சொல்லித்தர ஒருமுறை,
பழையதை மறக்கடிக்க மறுமுறை.
முதல் தொடுகை முடிந்து
மூன்றரை வருடமாயிற்று.
இரண்டும் தெரிந்த நிலையில்
பழையதிலேயே பேசிக்கொண்டிருக்கின்றன.

அலைக்கற்றையைக் கூந்தலாகத்தான்
நினைத்துக்கொள்வேன்.
தீயணைப்புக்கு ஓர் இழை, அடுத்தது செல்பேசிக் கம்பெனிக்கு,
ஆம்புலன்சுக்கு ஒன்று, மறுபடியும் கம்பெனிக்கு.
யார் பின்னியதோ, ஒரே சிக்கு.
கம்பெனியை ஒருபுறம் ஒதுக்கி
எங்களை மறுபுறம் ஒதுக்கி
நடுவில் வகிடு எடுக்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
ஆனால் சீப்பு வாஷிங்டனில் இருக்கிறது.
ரியோ கிராண்டேக்கு அக்கரையிலும் இதே தலைதான்,
மெக்சிகோவும் சரியென்று தலையசைக்க வேண்டும்.
நதி முழங்காலளவு.
அலைக்கு அதுகூடத் தெரியாது.

முதல் கடிதம் வந்த வாரம்
கட்டுப்பாட்டு அறை எல்விரா ஒல்கின்
என் மேசைப்பக்கம் வந்து
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"நாள் தள்ளிப் போயிருக்கு."
நான் கடிதத்தைக் காட்டினேன்:
"இதுவும்தான்."
இருவரும் சிரித்தோம்.
அவளுடையதற்கு ஒரு கணக்கு இருந்தது.

தீவனக் கிடங்கு எரிந்தது
இரண்டாம் கடிதத்துக்கும் மூன்றாவதற்கும் நடுவில்.
கிடங்கை ஒட்டியே கம்பெனிக் கோபுரம்.
அதனடியில் நின்றால்
செல்பேசியில் அத்தனை கோடும் முழுசாய் நிற்கும்,
எங்கள் ரேடியோ மட்டும் மணலை மெல்லும்.
டெரெல் பாமன் உள்ளே இருந்தான்.
கூரை சரிகிறது என்று சொல்ல
வெளியே வந்து
நாற்பது அடி ஓடி
மூன்றாவது பேக்கன் மரத்தடியில் நின்றால்தான் கேட்கும்.
அது எல்லோருக்கும் தெரியும்.
பயிற்சியிலேயே சொல்லித்தருகிறோம்,
முகமூடி மாட்டுவதற்கு அடுத்த பாடமாக.

பதிவை நான் பலமுறை ஓட்டிக் கேட்டிருக்கிறேன்.
அவன்: கூ—
அவள்: திரும்பச் சொல்லுங்க.
அவன்: —ரை ச—
அவள்: திரும்பச் சொல்லுங்க.
பிறகு பதினொரு நொடி.
பிறகு மரத்தடியிலிருந்து,
தெள்ளத் தெளிவாக,
அவன் திட்டியது.
பிழைத்துக்கொண்டான். இடது காது சுருங்கிவிட்டது.
"ரேடியோவை வைக்கிற காது இல்லை, விடு" என்கிறான்.
நான் விடவில்லை.
அறிக்கையில் எழுதினேன்: ஒரு பக்கம், கோபுரத்தின் எண், நேரம்.
பதில் வந்தது:
பெற்றுக்கொண்டோம்.

வெள்ளைப் பலகையில் தேதியை நான்தான் எழுதுவேன்.
மார்ச் 31. அழித்து அக்டோபர் 14.
அழித்து ஜூன்.
சரியாக அழிவதில்லை அந்த மை.
புது எண்ணுக்குப் பின்னால்
பழைய எண்கள் மங்கலாய் நிற்கின்றன,
ஒரே வரிசையில் இருவர் பேசும்போது
அடியில் கேட்கும் குரல் போல.

இன்று நான்காவது.
இம்முறை தேதியே இல்லை.
புதிய கால அட்டவணை பின்னர் அறிவிக்கப்படும்.
காலி இடத்தை எப்படி எழுதுவதென்று
பேனாவும் கையுமாய் நின்றிருந்தேன்.

பால்வாடி விடுமுறை.
நயேலி அம்மாவோடு வந்திருக்கிறாள்,
மூன்று வயது முடியப்போகிறது,
சுழல் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.
எல்விரா சீப்பை உச்சியில் வைத்து
வகிடு இழுக்கிறாள்.
நேராக, மெதுவாக,
பாதித் தலை வந்திருக்கும்.

விளக்கு மினுங்கியது. அழைப்பு.
பள்ளிக்குப் பின்னால், கால்வாய் ஓரம்,
நாலாம் வண்டி, ஏதோ ஒரு எண், மணல், மணல்.
எல்விரா ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.
அவள் வாய் திறக்குமுன்
நயேலி சொன்னாள்,
யாரிடமும் இல்லை, சுவரைப் பார்த்து,
"திரும்பச் சொல்லுங்க."

சீப்பு முடியிலேயே தொங்கியது.
தலையை அசைக்கக் கூடாதென்று
அவளுக்குத் தெரிந்திருக்கிறது.