ஒரு மணிக்குக் கதவு

இரவு ஒரு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது.
அவர் எழும்பி இருந்துவிட்டார்.
லைற்றைப் போடாதே என்று கையால் காட்டினார்.
மூச்சடக்கி இரண்டு பேரும் கேட்டோம்.
டக் டக் டக்.
ஒன்றுமில்லை.
பிறகு டக் டக்.

சோடா.
சொறிய மட்டும் கட்டிலை விட்டு இறங்கும்.
பின்னங்கால் கதவுப் பலகையில் படுகிறது.
"சனியன்" என்று சிரித்தார்.
சிரித்த பிறகும் படுக்கவில்லை.

விசுவமடுச் சந்திக் கடையிலிருந்து
சோடாப் பெட்டிக்குள் வந்த குட்டி.
இந்த மாரியோடு வயது இரண்டு.
வயிறு கறுத்துத் தடித்துவிட்டது,
கமக்கட்டில் மயிரில்லை,
நக்கி நக்கி
நாலு பாதமும் துருப்பிடித்த நிறம்.
காதுக்குள் பழைய பாண் மணம்.

பக்கத்து வளவு இராசகுலம் அண்ணர்
கழிவு ஒயிலில் கந்தகம் குழைத்து
மீன்ரின்னில் கொண்டுவந்தார்.
"சொறிநாய், பிள்ளை. பூசி வெய்யிலில் கட்டு."
பூசினேன்.
மூன்று நாள் வீடு முழுக்கக் கராச் மணம்.
என்னைக் கண்டால் நாய் ஒதுங்கியது.
சொறிச்சல் ஒதுங்கவில்லை.

நான் றோட்டைத்தான் சந்தேகப்பட்டேன்.
கிரவல் ரிப்பர்கள் கிளப்பும் செம்புழுதி
வைகாசியில்
கொடியில் காயும் சட்டைக்கும் வரும், பல்லுக்கும் வரும்.
ஆனால் இது மழைக்காலம்.
புழுதி சேறாகிப் படுத்துவிட்டது.
நாய்க்கு இன்னும் மோசம்.

மிருக வைத்தியர் மன்னார்ப் பிள்ளை, பெனடிக்ற்றா.
பிளேட்டால் தோலைச் சுரண்டி
கண்ணாடித் துண்டில் தேய்த்து
நெடுநேரம் குனிந்து பார்த்தா.
"சொறிப்பூச்சி இல்லை, அக்கா.
எங்கை படுக்கிறது?"
கட்டிலுக்குக் கீழே என்றேன்.
பேனையை மூடிவிட்டு என்னையே பார்த்தா.
மேலே, என்றேன்.
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

மெத்தைக்குள் தூசிப்பூச்சி இருக்குமாம்.
கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது.
அதன் எச்சம் சில நாய்களுக்கு ஒத்துவராது.
அதுவாக இருக்கலாம். பார்ப்பம்.
"அது என்னத்தைத் தின்னுது, மிஸ்?"
"எங்கடை தோலைத்தான். உதிருறதை."

திரும்பி வரும் ஓட்டோவில் கணக்குப் பார்த்தேன்.
வீட்டுத்திட்டம் முடிந்த கையோடு வாங்கிய மெத்தை.
பதினொரு வருசம்.
அவர் முதுகுக் காயத்தின் பொருக்கு உதிர்ந்தது அதில்.
எனக்குக் கொப்பளிப்பான் காய்ந்தது அதில்.
கோபித்துக்கொண்டு
ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்த நாட்களிலும்
உதிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறோம்.
பெயர் தெரியாத ஒரு கூட்டத்துக்கு
ஒரு நாளும் சோறு தவறவில்லை.
சோடா செய்த பிழை
எங்களுக்குப் பக்கத்தில் படுத்தது.

மழை விட்ட வெள்ளிக்கிழமை
மெத்தையை முற்றத்துக்கு இழுத்தோம்.
அவர் பூவரசந் தடியால் அடித்தார்.
எழும்பிய வெள்ளைத் தூசி
ஆள் உயரத்துக்கு
வெய்யிலில் சற்று நின்றது.
"இது நீயோ நானோ?" என்றார்.
இரண்டு பேருக்கும் இருமல்.
சோடா போய்
அந்த மெத்தையிலேயே ஏறிப் படுத்தது.

பிறகு எங்களுக்குப் பன்பாய்.
அதற்கு வாசலில்
கொதிதண்ணியில் அவித்த சாக்கு.
காலையில் அரைக் குளிசை, காதுக்குச் சொட்டு,
கிழமைக்கு ஒருக்கால் மருந்துத் தண்ணியில் குளிப்பு.
இராசகுலம் அண்ணர் வேலியால் பார்த்து
"ராசாவுக்கு வைத்தியமோ" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்றைக்குப் பதினேழாம் நாள்.
இரவு ஒரு மணி.
அவர் எழும்பி இருக்கிறார்.
"ஏதும் கேக்குதோ?"
"இல்லையே."
"அதுதான்" என்கிறார்.

கதவைத் திறந்து
சாக்கின் ஓரமாகக் குந்தி
காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்துவிடுகிறார்.
நித்திரையிலேயே அதன் பின்னங்கால்
சீமெந்தில் படுகிறது.
டக் டக்.