இரண்டு மணிக்கு

எட்டு மணிக்கு முன் ஜெனரேட்டர் ஓடக்கூடாது, முகாம் சட்டம்.
அதனால் இருட்டிலேயே காபி, கேஸ் அடுப்பின் நீலத்தில்.
வெர்லின் முழங்காலுக்கு ஐஸ் கட்டி சோபாவில் நீட்டிக்கொண்டான்.
பகலில் சோபா. இரவில் எங்கள் கட்டில்.
சக்கரம் ஓடும்போது துவைக்காத துணிகளின் மூட்டை.

நாலு லிட்டர் தண்ணீர், இரண்டு டார்ட்டியா, உப்புக்கடலை.
"உச்சியில் இரண்டு மணிக்கு, மறந்துவிடாதே" என்றான்.
நான்கு மாநிலங்களாக இதுதான் வழக்கம்:
மலைமேலிருந்து கைக்கண்ணாடியால் நான் ஒரு மின்னல்,
கீழிருந்து வாணலி மூடியால் அவன் ஒரு மின்னல்.
போனில் ஒரு கோடுகூட எழாத இடங்களில்
முப்பத்தொரு வருடக் கல்யாணத்துக்கு
அது போதுமானதாக இருந்தது.

பாதை தொடங்குமிடத்தில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில்.
பெயர். திரும்பும் நேரம். ஆட்கள் எத்தனை.
'ஒன்று' என்று எழுதிவிட்டுக்
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தின இரவு தூறியிருந்தது.
க்ரியோசோட் புதர்களில்
தாரும் மருந்தும் கலந்த வாசம்.
ஒக்கோட்டியோ, காய்ந்த சாட்டைகளின் கொத்து;
நுனியில் மட்டும் சிவப்பாய் ஒரு பிடிவாதம்.
கணுக்கால் உயரத்தில் லெச்சுகியாக் கத்திகள்,
யாரோ என் அளவெடுத்து நட்டதுபோல.

கடப்பாறையைத் தோளில் சாய்த்து எர்மீலா இறங்கி வந்தாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தவள்,
இந்தப் பக்கத்து மலைக்குக் கல்படி அடுக்குபவள்.
"ஏழாவது வளைவில் பாம்பு இருக்கிறது.
கோபக்காரி இல்லை, நிழலுக்கு வந்தவள். சுற்றிப் போங்கள்."
ஏழாவது வளைவில் கிலுகிலுப்பு.
சுற்றிப் போனேன். மன்னிப்பும் கேட்டேன், வாய்விட்டு,
கேட்க ஆளில்லாத தைரியத்தில்.

பாறையிடுக்கில் ஒரு குருவி
படிப்படியாய் இறங்கும் குரலில் பாடியது.
என் மூச்சு எதிர்ப்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது.

ஒன்று ஐம்பது. உச்சி.
காற்று தொப்பியைக் கேட்டது, கொடுக்கவில்லை.
பையைத் துழாவினேன்.
கண்ணாடி இல்லை.
பாத்திரத் தொட்டிக்கு மேலே, ஜன்னல் விளிம்பில்,
மறக்கக் கூடாதென்று நானே எடுத்து வைத்த இடத்தில்
அது பத்திரமாக இருக்கும்.

கீழே வண்டிகள், சிந்திய அரிசி.
ஒவ்வொரு முன்கண்ணாடியிலும் வெயில்.
எல்லாம் பளிச்சிட்டன,
யாரும் யாரையும் கூப்பிடாமல்.

இரண்டு மணி.
கிழக்கோரத்தில் ஒன்று மட்டும் விட்டுவிட்டு மின்னியது.
மூன்று தடவை. நிறுத்தம். மூன்று தடவை.

டார்ட்டியா சுற்றியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்து,
துணுக்குகளை உதறி, தொடையில் தேய்த்து நிமிர்த்தித்
தூக்கிப் பிடித்தேன். காற்று கசக்கியது.
மறுபடி தேய்த்தேன், மறுபடி பிடித்தேன்.
கீழே மின்னல் நிற்கவில்லை.
பார்த்துவிட்ட சந்தோஷமா, காணாத தவிப்பா,
வெளிச்சத்துக்கு இரண்டும் ஒரே எழுத்து.
அந்த முழங்கால் இவ்வளவு நேரம் நிற்காதே என்று
இறங்கும் வழியெல்லாம் நினைத்தேன்.
பாம்பைக்கூட மறந்துவிட்டேன். அதுவும் போய்விட்டிருந்தது.

மடக்கு நாற்காலியில் இருந்தான். மடியில் என் கண்ணாடி.
"தெரிந்ததா?"
"ஒரு பொட்டுகூட இல்லை."
"பிறகு ஏன் அவ்வளவு நேரம்?"
"இது இங்கே கிடந்தது. உன்னிடம் ஒன்றும் இருக்காது.
சரி, இன்றைக்கு நான் மட்டும் பேசுகிறேன் என்று..."

இரண்டு கைகளும் முழங்கை வரை
வெயிலில் வெந்து சிவந்திருந்தன.
ஐஸ் கொஞ்சம் இருந்தது,
முழங்காலுக்குப் போக மீதி.