இடது தோளா, வலது தோளா

ஒன்பது வருடம் கழித்துக்
கஸ் வோய்னார் திரும்பி வருகிறார்.
பத்தொன்பதாவது நாவல்.
ரப்பர் பட்டை போட்ட காகிதக் கட்டாக, என் மேசைக்கு.
பஃபலோவில் அன்று காலை முழங்கால் அளவு பனி,
முதல் பக்கத்திலும் அவ்வளவே.

என் வேலை சின்னது:
துப்பறிபவரைத் துப்பறிவது.
எந்தக் கதையில் எந்தக் கண் வீங்கியது,
எந்த மனைவி எந்த மாதம் போனாள்,
கோட்டின் நிறம், விஸ்கியின் பெயர்,
எத்தனை குண்டு, எங்கே நுழைந்தது, வெளியே வந்ததா.
எல்லாவற்றுக்கும் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு.
அவர் உடம்பை
அவருடைய டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
டாக்டர் ஏழாவது நாவலிலேயே செத்துப்போனார்.

இரண்டாவது நாவலில்
ஒரு தானியக் கிடங்கின் கூரையிலிருந்து இன்னொன்றுக்கு
ஒன்றரை வரியில் தாவியவர்.
இதில் நாலாம் அத்தியாயம் முழுக்க
மாடிப்படி.
லிஃப்ட் பழுது. சாட்சி மூன்றாம் மாடியில்.
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் படிப்பவர்போல மூச்சு வாங்குகிறார்.
காணாமல்போன பூனை.
கண்ணாடி இன்னொரு கோட்டில் இருக்கிறது,
பூனை என்பதே ஊகம்தான்.

கதவைத் திறந்தவள் கேட்கிறாள்,
"குழாய் ரிப்பேருக்கா?"
முன்பென்றால் இந்த இடத்தில்
சவரக்கத்திபோல ஒரு பதில் இருக்கும்.
இப்போது "ஆமாம்" என்கிறார்.
உள்ளே போய்
உண்மையாகவே சரிசெய்கிறார்.
வாஷரைப் பொருத்தி முடிப்பதற்குள்
கேட்காத கேள்விக்கெல்லாம்
அவள் பதில் சொல்லிவிடுகிறாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
'குளிருக்கு வலிக்கும் வலது தோள்.'
நோட்டைப் புரட்டினேன்.
ஐந்தாவது நாவல், துறைமுகம், ஒரு குண்டு. இடது தோள்.
ஓரத்தில் பென்சிலால் கேட்டு அனுப்பினேன்,
இடதா, வலதா?
ஐரீன் ஸ்டோபாவிடமிருந்து தாள் திரும்பி வந்தது.
கையெழுத்து முன்னைவிடப் பெரிது,
வரி வலப்பக்கமாகச் சரிந்து இறங்கியிருந்தது.
"இப்போது இரண்டும்."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் கொலைகாரன் ஓடுகிறான்.
இருபத்தாறு வயது, நல்ல பூட்ஸ்.
கஸ் ஓடவில்லை.
துப்பாக்கி வீட்டில், மாத்திரை டப்பாவுக்குப் பின்னால்.
கார் ஓட்டும் உரிமத்தைக் கண் பரிசோதனையில் பிடுங்கிவிட்டார்கள்.
எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து
ஃபிளாஸ்கைத் திறக்கிறார்.
அவன் நாய் உள்ளே இருக்கிறது.
இந்தக் குளிரில் அதை விட்டுப் போகிறவன்
அதற்கு ஸ்வெட்டர் வாங்கியிருக்க மாட்டான்.

பதினொரு பக்கம் காத்திருக்கிறார்.
ஒன்றும் நடக்கவில்லை.
பனியைத் தள்ளும் வண்டி இரண்டு தடவை போகிறது, அவ்வளவுதான்.
'இங்கே சுருக்கலாமா?' என்று பதிப்பாளர் எழுதியிருந்தார்.
நான் அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்தேன்.

வந்தான்.
இருவரும் நாயைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்,
அதற்கு எது ஒத்துக்கொள்ளாது, இடியென்றால் எங்கே ஒளியும்.
அதன் பிறகுதான் போலீஸ்.
நாய் யாரிடம் போயிற்று என்று எங்கும் ஒரு வரி இல்லை.
கடைசிப் பத்தியில்,
நள்ளிரவு தாண்டி பஸ் ஏறுகிறவரின் கோட்டுக்குள்
ஏதோ அசைகிறது.

நேர அட்டவணையை எடுத்தேன், அதுதானே சம்பளம்.
அந்தத் தடத்தில் கடைசி பஸ்
பதினொன்று பத்துக்கே போய்விடுகிறது.
பென்சிலைச் சீவினேன்.
ஜன்னலில் இன்னும் பெய்துகொண்டிருந்தது.
அவர் வீட்டுக்கு ஏழு மைல்,
மூன்றாம் நாவலிலிருந்து மாறாத ஏழு மைல்.

பச்சை நோட்டில் மட்டும் புதிதாக ஒன்று எழுதிவைத்தேன்:
நள்ளிரவுக்குப் பிறகும்
ஒரு பஸ் உண்டு.