இரண்டேகால்

சத்துவாச்சாரியில் மாடி வீடு.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேலே ஈரச் சாக்கு.
அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு
கார்னர் புரூக் என்ற ஊருக்கு
நான் டாக்ஸி அனுப்புகிறேன்.

கனடாவின் கிழக்கோரம், ஒரு தீவு.
மொத்தம் நாலு கார், ராத்திரியில் மூன்று.
அவர்களுக்கு நடு ராத்திரி என்றால்
எனக்குக் காலை ஒன்பது,
புளி கரைத்த கையை இன்னும் கழுவாத நேரம்.

உலகம் முழு மணியாக நேரத்தை வெட்டிக்கொண்டபோது
அரை மணியை விடமாட்டேன் என்று
பிடித்துக்கொண்ட ஊர்கள் சில.
நாங்கள் ஒன்று. அவர்கள் ஒன்று.
அதனால் கழித்தால் மிச்சம் வராது,
சரியாக ஒன்பது.
வேலையில் சேர்ந்த அன்று
இது எனக்கு ஒரு உறவு மாதிரி இருந்தது,
கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்
"நீங்களும் குடியாத்தமா?" என்று கேட்பதுபோல.

அங்கே விரிகுடா உறைந்து கிடக்கிறதாம்.
ஆள் நடக்கலாம் என்றார் டிரைவர் ஜெரார்டு.
எங்கள் பாலாற்றிலும் நடக்கலாம் என்றேன்.
அவ்வளவு குளிரா என்று கேட்டார்.
விளக்க நேரமில்லை,
ரெண்டாவது லைனில் ஆள்.

ஒருமுறை குக்கர் விசிலைக் கேட்டு
ரயிலா என்றாள் ஒருத்தி.
ஆமாம், காட்பாடி ஜங்ஷன் என்றேன்.
அவள் ஊரில் ரயில் நின்று பல வருஷமாம்,
கொஞ்ச நேரம் லைனை வைக்காமலே இருந்தாள்.
பருப்புக்கு இன்னும் இரண்டு விசில் பாக்கி.

திரையில் மூன்று புள்ளிகள் நகரும்.
எது எந்த வளைவில்,
யார் சிகரெட்டுக்கு நிறுத்தினார்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே
ஷேர் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர்
இந்த நிமிஷம் எங்கே என்று தெரியாது.
கேட்டால், "இங்கதான் கீறேன்" என்பார்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு.
அங்கே கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் இரவு.
ஒன்று ஐம்பத்தொன்பதுக்கு அடுத்து மூன்று.
நடுவில் இருந்த ஒரு மணி நேரம்
யாரும் திருடாமலே காணோம்.
முன்னமே சொல்லியிருந்தார்கள்.
போனால் போகட்டும் என்று இருந்தேன்,
மின்வெட்டில் எங்களுக்குப் போகாததா.

ஆனால் ஒரு புக்கிங் இருந்தது.
ரோஸ்லின் பட்,
ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்.
பின்வாசல், இரண்டேகால்.
வாரம் ஐந்து நாள் அதே வாசல், அதே இரண்டேகால்.
பதினோரு மணிக்குத் திரை ஒருமுறை இமைத்தது.
மூன்று என்றது.
பட்டியலில் ரோஸ்லின் இல்லை.
அந்த நேரமே இல்லையென்றால்
அந்த நேரத்தில் நிற்கிறவளும் இல்லை,
அது கம்ப்யூட்டரின் கணக்கு.

சுவரைப் பார்த்தேன்.
ஆம்பூர் செருப்புக்கடை தந்த கடிகாரம்,
எப்போதும் ஐந்து நிமிஷம் முந்தும்.
முள்ளு கத்தரிக்காய் வண்டி தெருவுக்குள் வந்தது.
கீழ்வீட்டில் யாரோ இஞ்சி தட்டினார்கள்.
பதினொன்றேகால் கிடையாது என்று
வேலூரில் யாரும் சொல்லவில்லை.
இரண்டு ஊருக்குமாகச் சேர்த்து
அந்தக் கால்மணி என் வீட்டில்தான் இருந்தது.

ஜெரார்டைக் கூப்பிட்டு, பின்வாசல் என்றேன்.
புக்கிங் இல்லையே என்றார்.
அவள் இருக்கிறாள் என்றேன்.

அங்கே மைனஸ் பதினொன்று.
இங்கே சாக்கு காய்ந்து கூரை சடசடத்தது.
புள்ளி மேட்டில் ஏறியது, திணறியது, நின்றது.
ஏறி உட்கார்ந்ததும் அவளே லைனில் வந்தாள்.
கைக்கடிகாரத்தை மாற்றினேனா இல்லையா தெரியவில்லை,
இப்போது மணி என்ன, செல்லமே?
(அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் செல்லம்.)
பதினொன்று இருபத்தைந்து என்று
வாய்தவறி வந்துவிட்டது.
அதுவும் சரிதான் என்று இருமிக்கொண்டே சிரித்தாள்.

நவம்பரில் அந்த மணியைத் திருப்பித் தருவார்களாம்.
ஒன்றேகால் இரண்டு தடவை வரும்,
இரண்டேகால் ஒன்றுதான், விசாரித்துவிட்டேன்.
அன்றைக்கு ரோஸ்லின்
ஒரு மணி நேரம் கூடுதலாகத் துடைக்க வேண்டும்.
அதற்குக் கூலி உண்டா என்று கேட்க வேண்டும்.

கீழே வண்டிக்காரர் கத்திக்கொண்டே இருந்தார்,
கால் கிலோவா, அரையா என்று.
ஹெட்போனைக் கழற்றாமலே எட்டிப் பார்த்து
அரை என்றேன்.
ஜெரார்டு, "என்ன?" என்றார்.